அளவுகோல் கல்லீரல்

ஊரில் எத்தனையோ கட்டடங்களுக்குப் பெயர்ப்பலகை உண்டு. ஆனால் பலகையைப் படித்து முடிப்பதற்குள் பேருந்து அடுத்த நிறுத்தத்துக்குப் போய்விடும் கட்டடம் ஒன்றே ஒன்றுதான். 'கல்லீரல் புற்றுநோயைக் கண்டறிதல், குணப்படுத்துதல், தடுத்தல் ஆகியவற்றுக்கான புதுமைப் பொறியியல் உயர் ஆய்வு நிறுவனம்' என்று அதில் எழுதியிருந்தது. கண்டறிவதற்கு முதல் மாடி. குணப்படுத்துவதற்கு இரண்டாம் மாடி. தடுப்பதற்கு மூன்றாம் மாடி. இந்த மூன்றையும் பற்றிப் பேசுவதற்கு நான்காம் மாடி. அங்கே இயக்குநர் இருந்தார்.

ஒரு மாடிக்காரர் இன்னொரு மாடியில் கால் வைப்பது அங்கே கௌரவக் குறைச்சல். ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்துகொண்டு ஒருவருக்கொருவர் கடிதம் எழுதிக்கொண்டார்கள். எல்லா மாடிக்கும் வெட்கமில்லாமல் போய்வந்த ஒரே மனிதர் லிஃப்ட் மெக்கானிக். கால்சட்டையின் பின்பையில் எந்நேரமும் ஒரு ஸ்பேனர் துருத்திக்கொண்டிருந்ததால் அவருக்கு ஸ்பேனர் என்றே பெயர் நிலைத்துவிட்டது. வயது நாற்பத்தெட்டு. மனைவி தையல் கடையில் வேலை பார்த்தாள். மகள் ஒருத்தி படித்துக்கொண்டிருந்தாள்.

ஸ்பேனருக்குத் தொழிலில் ஒரே ஒரு சட்டம். லிஃப்டில் எட்டுப் பேருக்கு மேல் ஏறினால் மணி அடிக்கும். மணி அடித்தால் ஆளை இறக்க வேண்டுமே தவிர மணியைக் கழற்றக் கூடாது. ஒருநாள் இயக்குநர் பதினொரு குழு உறுப்பினர்களோடு ஏறினார். மணி அடித்தது.

"என்னப்பா இது, எப்பப் பாரு அடிச்சுக்கிட்டே இருக்கு? கழட்டி விடு" என்றார் இயக்குநர்.

"மணி மேல தப்பில்ல சார். நாலு பேர் இறங்கினா தானா நின்னுடும்."

யார் அந்த நாலு பேர் என்பதில்தான் சிக்கல். பதவி மூப்புப் பட்டியலை வரவழைத்தார்கள். மணி அடிக்க அடிக்க இருபது நிமிடம் விவாதம் நடந்தது. கடைசியில் பன்னிரண்டு பேரும் படியேறிப் போனார்கள். மறுநாள் 'மணியின் மரியாதைக் குறைவான போக்கு' குறித்து ஸ்பேனருக்கு ஒரு கடிதம் வந்தது. அவர் அதை மடித்து, ஆடிக்கொண்டிருந்த மோட்டார் பலகைக்கு அடியில் செருகினார்.

முதல் மாடியில் ஈரல்விழி என்று ஒரு கருவி செய்தார்கள். அதற்கு ஒன்பது ஆண்டு ஆனது. அதில் நாலு ஆண்டு பெயர் வைக்கும் குழுவுக்கே போயிற்று. படுத்து, வயிற்றில் பட்டையைக் கட்டிக்கொண்டால் மூன்று நிமிடத்தில் விளக்கு எரியும். நோய் இல்லையென்றால் பச்சை, இருந்தால் சிவப்பு. மிளகளவு கட்டியைக்கூட விடாது. சும்மா சொல்லக்கூடாது, கருவி நல்ல கருவிதான். யாரோ ஒரு புண்ணியவான் கூட்டங்களுக்கு நடுவே எப்படியோ நேரம் திருடி அதை ஒழுங்காகச் செய்துவிட்டுப் போயிருந்தான்.

திறப்பு விழாவுக்குப் பத்து நாள் இருக்கையில் ஒத்திகை வைத்தார்கள். பச்சை விளக்கு எரிவதைக் காட்ட ஆரோக்கியமான ஒரு ஆள் வேண்டியிருந்தது. முதல் மாடியில் இருந்த முப்பத்தாறு பேருக்கும் அந்த நேரம் பார்த்து அவசர வேலை வந்துவிட்டது. ஊருக்குத்தான் உபதேசம். லிஃப்ட் கதவுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்த ஸ்பேனரைத் தலைமைப் பொறியாளர் அம்மா கையோடு கூட்டிப்போனார்.

"அஞ்சு நிமிஷம் படுங்கண்ணே, போதும். அதுக்கு முன்னாடி இங்க ஒரு கையெழுத்து."

"என்னன்னு மேடம்?"

"நீங்க ஆரோக்கியமா இருக்கீங்கன்னு."

"அது எனக்கு எப்படித் தெரியும்? அதைப் பாக்கத்தானே மெஷினு?"

"ஃபார்ம்ல கேள்விக்கெல்லாம் கட்டம் இல்லண்ணே."

ஸ்பேனர் கையெழுத்துப் போட்டுவிட்டுப் படுத்தார். உரலுக்குள் தலையைக் கொடுத்தாயிற்று, இனி உலக்கைக்குப் பயந்து என்ன ஆகப்போகிறது. மூன்று நிமிடம் கழித்துச் சிவப்பு விளக்கு எரிந்தது.

அணைத்துப் போட்டார்கள். சிவப்பு. பட்டையைத் துடைத்துக் கட்டினார்கள். சிவப்பு. திரையில் வலது விலா எலும்புக்குக் கீழே ஒரு புள்ளி தெரிந்தது. பதினான்கு மில்லிமீட்டர் என்று கருவி பக்கத்திலேயே எழுதிக் காட்டியது. இயக்குநர் நான்காம் மாடியிலிருந்து இறங்கி வந்தார்.

"ஒன்பது வருஷ உழைப்பு. ஆரோக்கியமான மனுஷனுக்கே சிவப்பு காட்டுதுன்னா விழாவுல என் மானம் என்ன ஆகறது?"

"சார், ஒருவேளை எனக்கு நெஜமாவே ஏதாவது…" என்று ஸ்பேனர் படுத்தபடியே இழுத்தார்.

இயக்குநர் அவரைப் பரிவோடு பார்த்தார். "உங்களுக்கு எப்படிப்பா இருக்கும்? ஆரோக்கியமானவர்னு கையெழுத்துப் போட்டிருக்கீங்களே. எழுத்துல இருக்கிறது பொய்யா?"

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இங்கே கூடமும் சரி, ஆட்டமும் சரி. ஆடியவள் காலைத்தான் ஒடித்தார்கள். அன்று மாலையே குழு கூடி ஸ்பேனரை நிறுவனத்தின் 'அளவுகோல் உடல்' ஆக நியமித்தது. இந்த மனிதரின் கல்லீரல்தான் ஆரோக்கியமான கல்லீரல், இதைப் போல இருந்தால் பச்சை காட்டு, வேறு மாதிரி இருந்தால் சிவப்பு காட்டு என்று கருவிக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தார்கள். கருவி லேசில் மசியவில்லை. தினமும் ஸ்பேனர் படுப்பார், அது சிவப்பு காட்டும், இவர்கள் திருகுவார்கள்.

இரண்டாம் நாள் ஸ்பேனர் திரையின் அச்சுத் தாளை எடுத்துக்கொண்டு இரண்டாம் மாடிக்குப் போனார். சிகிச்சைப் பிரிவுத் தலைவர் தாளைக் கையில் வாங்காமலே கேட்டார்.

"எவ்வளவு பெருசு?"

"பதினாலு மில்லிமீட்டர் சார்."

"அடடா, சின்னது. நாங்க அம்பதுக்கு மேலதான் எடுப்போம். எங்க கருவி பெருசுப்பா, இத்துனூண்டுல வெச்சா அதுக்கு மரியாதையா இருக்காது. நல்லா வளரட்டும், வாங்க. வரும்போது முதல் மாடியில ஒரு கடிதம் வாங்கிட்டு வாங்க."

தும்பை விட்டு வாலைப் பிடிப்பதற்கென்றே ஒரு மாடி முழுக்க ஆள் வைத்திருந்தார்கள். ஸ்பேனர் மூன்றாம் மாடிக்கு ஏறினார். தடுப்புப் பிரிவின் தலைவியம்மாள் அவரை உட்காரச் சொல்லித் தண்ணீர்கூடக் கொடுத்தார்.

"உங்களுக்கு வந்துடுச்சா, இன்னும் வரலையா?"

"அதான் மேடம் தெரியல."

"வந்திருந்தா எங்களால தடுக்க முடியாது. வரலேன்னா தடுக்க என்ன இருக்கு? எங்க பிரிவோட இருபது வருஷ ஆராய்ச்சி முடிவே இதுதான்." அவர் ஒரு தடித்த புத்தகத்தைக் காட்டினார். "இதுல விரிவாப் போட்டிருக்கோம்."

ஸ்பேனர் பயந்துதான் போனார். ஆனால் ஆறாம் நாள் பச்சை விளக்கு எரிந்ததும் எல்லோரும் கை தட்டினார்கள், பொறியாளர் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார், பிளாஸ்டிக் உறை போட்ட சான்றிதழ் ஒன்றைக் கையில் கொடுத்தார்கள். இத்தனை படித்தவர்கள் தட்டும்போது நாம் மட்டும் சந்தேகப்பட்டால் நன்றாகவா இருக்கும் என்று அவரும் இரண்டு தட்டுத் தட்டினார்.

திறப்பு விழாவில் இயக்குநரே முதலில் படுத்தார். பச்சை எரிந்தது. எழுந்து, சட்டையைக்கூட உள்ளே விடாமல் ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டார்.

"இந்தக் கருவி யாருக்காகவும் பொய் சொல்லாது. என்னன்னா, எது ஆரோக்கியம்னு இதுக்குக் கத்துக்கொடுத்ததே நாங்கதான். நோயைக் கண்டுபிடிக்கிறது பெரிய விஷயமில்ல. நாம எதிர்பார்த்ததைக் கண்டுபிடிக்கிறதுதான் விஞ்ஞானம்."

பின்னால் நின்ற ஸ்பேனர் இதற்கும் கை தட்டினார்.

மூன்று நாள் முகாமில் இயக்குநரோடு சேர்த்து இருநூற்றுப் பதினான்கு பேர் படுத்தெழுந்தார்கள். அதில் இருநூற்றுப் பதினொரு பேருக்குச் சிவப்பு. இதைக் கேட்டால் எந்த ஊரிலும் வயிறு பற்றி எரியும். இயக்குநருக்கோ கால் தரையில் நிற்கவில்லை. உலகத்தில் எந்த நிறுவனமும் மூன்று நாளில் இத்தனை பேருக்குக் கண்டுபிடித்ததில்லை என்று அறிக்கை விட்டார். அந்த மூன்று நாளும் லிஃப்டில் அழாமல் இறங்கிய ஆள் இல்லை. ஒரு தகப்பன் எந்தப் பட்டனை அழுத்துவது என்றே தெரியாமல் நின்றார். ஸ்பேனர்தான் அழுத்திவிட்டு, அவரை வாசல் வரை கொண்டுபோய் விட்டார்.

சிவப்பு வந்தவர்களின் வயிற்றில் கட்டியைத் தேடித் தேடிப் பார்த்தும் இரண்டாம் மாடிக்கு ஒன்றும் அகப்படவில்லை. அகப்படாத அளவுக்கு நுட்பமான நோய் என்று முடிவு கட்டி, ஆளுக்கு ஒரு புட்டி இனிப்பு மருந்து கொடுத்தார்கள். மூன்று வாரத்தில் இருநூற்றுப் பதினொரு பேரும் பூரண குணம். நூற்றுக்கு நூறு. மூன்றாம் மாடி மட்டும் சும்மா இருக்குமா? பச்சை வந்த மூவரும் எங்கள் பிரிவால் தடுக்கப்பட்டவர்கள் என்று உரிமை கொண்டாடியது. அந்த மூவர் இயக்குநர், கேன்டீன் சமையல்காரம்மா, வாசல் காவலாளி. காவலாளி சான்றிதழைச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு போவோர் வருவோருக்கெல்லாம் காட்டினார்.

ஸ்பேனரும் தன்னுடையதை வீட்டில் தொலைக்காட்சிக்கு மேலே மாட்டியிருந்தார். அதைத் தூசி தட்டிக்கொண்டிருந்த மனைவி கேட்டாள்.

"ஏங்க, முதல்ல உங்களுக்குச் சிவப்பு வந்துச்சாமே? தையல் கடையில பேசிக்கிட்டாங்க."

"ஆமா. அஞ்சு நாள் சிவப்பு. அப்புறம் பச்சை."

"நடுவுல உங்க வயித்துக்குள்ள என்ன செஞ்சாங்க?"

"வயித்துல ஒண்ணும் செய்யல. மெஷினைத்தான் திருகினாங்க."

அவள் துணியைக் கீழே வைத்தாள். "உங்க லிஃப்ட்ல மணி அடிச்சா என்ன செய்வீங்க?"

"ஆளை இறக்குவேன்."

"இவங்க மணியைக் கழட்டியிருக்காங்க. நீங்க அதுக்குச் சட்டம் போட்டு மாட்டியிருக்கீங்க. கட்டின பொண்டாட்டிகிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்னு தோணல, இல்ல?" அவள் சான்றிதழை ஆணியிலிருந்து கழற்றினாள். "சட்டையைப் போடுங்க, கிளம்பலாம்."

பெரிய ஆஸ்பத்திரியின் ஸ்கேன் அறைக்கு வெளியே ஒரு நீள பெஞ்சு. அதன் ஒரு காலுக்குச் செங்கல் முட்டுக்கொடுத்திருந்தார்கள். உள்ளே இருந்த ஸ்கேன் கருவியின் கைப்பிடியில் மருத்துவமனைப் பிளாஸ்திரியே சுற்றியிருந்தது. டோக்கன் நாற்பத்தொன்று வந்ததும் டாக்டரம்மா நிமிர்ந்துகூடப் பார்க்காமல் தாளை இழுத்தார்.

"யார் அனுப்பினாங்க?"

"நான்தான்" என்றாள் மனைவி.

டாக்டரம்மா 'அனுப்பியவர்' என்ற கட்டத்தில் 'மனைவி' என்று எழுதினார். வயிற்றில் சில்லென்று எதையோ தடவி, கைப்பிடியை அழுத்தி நகர்த்தினார். வலது விலாவுக்குக் கீழே வந்ததும் கை நின்றது.

"எப்பவாவது மஞ்சக்காமாலை வந்திருக்கா?"

"சின்ன வயசுல வந்துச்சும்மா."

"ஒரு புள்ளி இருக்கு. பதினாறு மில்லிமீட்டர். இன்னும் ரெண்டு பரிசோதனை எடுத்து உறுதி பண்ணணும். ஆனா நல்ல நேரத்துல வந்தீங்க. இந்த அளவுல இருந்தா ஊசி விட்டே எரிச்சிடலாம். வளர விட்டா அப்புறம் என் கையில இல்ல."

பார்த்து முடிக்கப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. பரிசோதனைகள் உறுதி சொல்லின, மூன்றாம் வாரம் ஊசி விட்டு எரித்தார்கள். ரத்தத்தில் பழைய காமாலைக் கிருமி தங்கியிருந்ததால் மனைவிக்கும் மகளுக்கும் ரத்தம் பார்த்து, தடுப்பூசி போட்டார்கள். தடுப்பதற்கென்று ஒரு மாடியே இருக்கும் கட்டடத்தை ஸ்பேனர் நினைத்துக்கொண்டார்.

"இது புதுசா கண்டுபிடிச்சதாம்மா?" என்று நர்ஸிடம் கேட்டார்.

"ரொம்ப நாளா இருக்குங்க. இருக்கிறதைப் போட்டுக்கவே ஆள் வரமாட்டேங்குது."

அவர் வேலைக்குத் திரும்பிய வாரமே கருவியைச் சரிபார்க்கும் நாள் வந்தது. அளவுகோல் உடலைப் படுக்க வைத்தார்கள். சிவப்பு எரிந்தது. பொறியாளர் அம்மா பதறிப்போய் இயக்குநரைக் கூப்பிட்டார்.

"உங்க கல்லீரலை என்ன செஞ்சீங்க?" என்றார் இயக்குநர்.

"அதுல ஒரு புள்ளி இருந்துச்சு சார். எரிச்சு எடுத்துட்டாங்க. இப்ப நல்லாருக்கேன்."

"யாரைக் கேட்டு எடுத்தீங்க? அது உங்க சொந்தக் கல்லீரல்னு நெனச்சீங்களா? அது இந்த நிறுவனத்தோட அளவுகோல். நாளைக்கு ஒருத்தன் வந்து தராசுக் கல்லைத் தேய்ச்சிட்டுப் போனா சும்மா விடுவாங்களா?"

அன்றே நோட்டீஸ் வந்தது. அனுமதியின்றி அளவுகோலைச் சேதப்படுத்தியதற்கு விளக்கம் தர வேண்டும், பதினைந்து நாளுக்குள் கல்லீரலைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்து ஒப்படைக்க வேண்டும். ஸ்பேனர் அதை லிஃப்ட் அறையில் உட்கார்ந்து இரண்டு தடவை படித்தார். சிரிப்பு வந்தது. பாதிச் சிரிப்பில் நின்றுவிட்டது. புள்ளி இருந்தபோது பச்சை. புள்ளி போனதும் சிவப்பு. அப்படியென்றால் அந்த இருநூற்றுப் பதினொரு பேருக்கும் ஒன்றும் இருந்திருக்காது. பச்சை வந்த மூன்று பேர்?

இயக்குநர் சாயங்காலம் வீட்டுக்குக் கிளம்பித் தனியாக லிஃப்டில் ஏறியபோது ஸ்பேனரும் கூட ஏறிக்கொண்டார்.

"சார், தப்பா நெனக்காதீங்க. அந்த மெஷின் என் நோயைத்தான் ஆரோக்கியம்னு படிச்சிருக்கு. பச்சை வந்தவங்க வயிறு என் பழைய வயிறு மாதிரி இருக்குன்னு அர்த்தம். உங்களுக்கும் பச்சைதான் வந்துச்சு. பெரிய ஆஸ்பத்திரியில ஒரு தடவை பாத்துடுங்க."

"என் சான்றிதழைப் பாத்தியா? கண்ணாடி போட்டு மாட்டியிருக்கேன்."

"என் வீட்லயும் மாட்டியிருந்தேன் சார்."

"இதப் பாரு. இந்தக் கருவி தப்புன்னா ஒன்பது வருஷம் தப்பு. பதினேழு குழு தப்பு. நான் வாங்கின பரிசெல்லாம் தப்பு. அவ்வளவும் தப்பா இருக்கிறதை விட நீ ஒருத்தன் தப்பா இருக்கிறதுதான் நிர்வாகத்துக்கு வசதி."

கதவு திறந்தது. இயக்குநர் நிமிர்ந்துதான் நடந்துபோனார். ஆனால் அவருடைய வலது கை விலா எலும்பை ஒருமுறை தடவிப் பார்த்ததை ஸ்பேனர் கவனித்தார்.

மறுநாள் காலை ஸ்பேனர் விடுப்புச் சொல்லிவிட்டு, சமையல்காரம்மாவையும் காவலாளியையும் பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். காவலாளி வழியெல்லாம் சான்றிதழை நீட்டி நீட்டிச் சண்டை போட்டார். பெஞ்சின் கடைசியில் ஒருவர், அந்த வெயிலில் கம்பளித் தொப்பியும் முகக்கவசமும் கறுப்புக் கண்ணாடியுமாக வந்து உட்கார்ந்தார். லிஃப்டுக்கு அடியில் உள்ள குழிக்குள் நின்று வேலை செய்பவனுக்கு முகத்தை விடச் செருப்பும் ஷூவும்தான் பழக்கம். அந்தப் பழுப்பு ஷூவை ஸ்பேனர் பதினொரு வருடமாகப் பார்த்து வருகிறார்.

"வணக்கம் சார்."

இயக்குநர் சுற்றுமுற்றும் பார்த்தார். "ஆய்வுக்கு வந்தேன். பழைய முறையெல்லாம் எவ்வளவு பின்தங்கியிருக்குன்னு நேர்ல பாக்கணும்ல."

"டோக்கன் எத்தனை சார்?"

"முப்பத்தேழு."

"எங்களுக்கு முப்பத்தஞ்சு, முப்பத்தாறு. அதுக்கப்புறம் நீங்க."

முதலில் காவலாளி உள்ளே போனார். அவருக்கு இருந்தது வெறும் ரத்தநாளத் திரட்டு, பயப்பட ஒன்றுமில்லை என்று சொல்லி அனுப்பினார்கள். வெளியே வந்ததும் சான்றிதழை மறுபடி பையில் வைத்துக்கொண்டார். சமையல்காரம்மாவுக்கு ஒரு புள்ளி இருந்தது. சின்னதுதான், பார்த்துக்கொள்ளலாம் என்றார் டாக்டரம்மா. சமையல்காரம்மா பெஞ்சில் வந்து உட்கார்ந்து, ஸ்பேனரின் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் விடவில்லை.

"என்னை இங்க பாத்ததை வெளிய சொல்லாதே" என்றார் இயக்குநர் மெல்ல.

"சொல்லல சார். நீங்க அந்த மெஷினை நிறுத்திடுங்க."

"அதெப்படி? அதுக்குக் குழு கூடணும். குழு அடுத்த மாசம்தான்."

"இன்னைக்கு மறுபடி முகாம் இருக்கு சார். பச்சை வந்தவன் சந்தோஷமா வீட்டுக்குப் போயிடுவான். அவன் வீட்ல கேக்கறதுக்கு ஒருத்தி இருக்கணுமே."

ஸ்பேனர் சட்டைப்பைக்குள் கையை விட்டு, ஒரு பீங்கான் ஃபியூஸை எடுத்துக் காட்டினார். முதல் மாடிக்குப் போகும் மின்சாரம் லிஃப்ட் அறை வழியாகத்தான் போகிறது என்பது அந்தக் கட்டடத்தில் வேறு யாருக்கும் தெரியாது.

"குழு கூடற வரைக்கும் இது என்கிட்டயே இருக்கட்டும் சார்."

அதற்குள் முப்பத்தேழைக் கூப்பிட்டார்கள். இயக்குநர் தொப்பியைக் கழற்றிவிட்டு உள்ளே போனார். அறைக்குக் கதவு கிடையாது, திரைச்சீலைதான். பெஞ்சில் இருந்தவர்களுக்கு எல்லாம் கேட்டது. பிறகு டாக்டரம்மாவின் குரல் வந்தது.

"நல்ல நேரத்துல வந்தீங்க."

தாள் புரளும் ஓசை கேட்டது.

"யார் அனுப்பினாங்க?"

"நானேதான் வந்தேன்."

"உடம்புல ஒரு தொந்தரவும் இல்லங்கறீங்க. அப்படி இருக்கிறவங்க தானா இங்க வரமாட்டாங்க. கட்டத்தைக் காலியா விட முடியாது, சொல்லுங்க."

நிறுவனத்தின் பெயரைச் சொல்லியிருக்கலாம். ஆனால் அது அந்தக் கட்டத்துக்குள் அடங்காது. வெளியே ஸ்பேனர் காதைத் தீட்டிக்கொண்டெல்லாம் உட்காரவில்லை. சமையல்காரம்மாவுக்குத் தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்துக்கொண்டிருந்தார்.

"லிஃப்ட் மெக்கானிக்" என்றார் இயக்குநர்.

டாக்டரம்மா அதை அப்படியே எழுதிக்கொண்டு, தாளை அவர் பக்கம் திருப்பினார்.

"சரியா இருக்கான்னு பாத்துட்டு, கீழ ஒரு கையெழுத்துப் போடுங்க."